நடுவே பெட்டி இல்லாத கச்சேரி

வீட்டில் இசை கேட்பதற்காக வாங்கிய இரண்டு ஒலிப்பெட்டிகளை அறையில் எங்கே வைப்பது என்பது வரலாற்றுப் பேச்சுக்கு உரிய பொருளாகுமா என்று நேயர்களில் சிலர் ஐயுறலாம். மின்சாரத் தொழிலாளியை அழைத்து ஒரு நாழிகையில் முடித்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று அவர்கள் கருதக்கூடும். ஆனால் பெட்டிகள் ஏன் இரண்டாயின, மூன்றாக ஏன் ஆகவில்லை, கேட்பவர் ஏன் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அமர வேண்டியதாயிற்று என்று வினவப் புகுந்தால், அவ்வினா நம்மைப் பாரிஸ், லண்டன், பிலடெல்பியா ஆகிய நகரங்களுக்கு இட்டுச் செல்கிறது. அங்கே செல்லுமுன் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கொல்லங்கோட்டில் சற்றுத் தங்குவோம். இசையைக் கேட்பவன் நிற்கும் இடம் எத்துணை முக்கியமானது என்பதை அறிய அதனினும் தக்க ஊர் நமக்குத் தெரிந்தவரை இல்லை.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் இரயில் பாதையில், தென்மலையின் அடிவாரத்தில், வயல்களும் கரும்பனைகளும் சூழ அமைந்தது கொல்லங்கோடு. 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமையும் வரை இப்பகுதி சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தெருவின் இருமருங்கிலும் சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நிற்கும் அக்கிரகாரங்களை இவ்வட்டாரத்தில் 'கிராமம்' என்றே வழங்குவர். தில்லியிலும் மும்பை மாட்டுங்காவிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழர்களில் இக்கிராமங்களைப் பூர்வீகமாகக் கொண்டோர் பலர். சங்கீத உலகில் பெயரின் முதலெழுத்திலேயே கொல்லங்கோட்டைத் தாங்கி நின்றவர் பாலக்காடு கே. வி. நாராயணசுவாமி. 1923-ஆம் ஆண்டு பிறந்து 2002-இல் மறைந்த இப்பெரியாரின் தந்தை விசுவநாத பாகவதர் பிடில் வித்துவான். செம்பை வைத்தியநாத பாகவதரும் மிருதங்கம் பாலக்காடு மணி ஐயரும் இதே நிலப்பரப்பு ஈன்ற மக்களே.

கொல்லங்கோட்டுக்கு அண்மையில் உள்ளது நெம்மாறை. அங்கே மீன மாதம் 20-ஆம் நாள் நெம்மாறை, வல்லங்கி என்னும் இரு தேசத்தார் போட்டியிட்டு நடத்தும் வேலை என்னும் திருவிழா புகழ்பெற்றது. வாணவேடிக்கையைக் காணவே பெருங்கூட்டம் செல்கிறது. நாம் இங்கே கருதுவது பஞ்சவாத்தியத்தை. திமிலை, மத்தளம், இலத்தாளம், இடக்கை, கொம்பு ஆகிய ஐந்தும் அதில் சேரும். திமிலைக்காரர்கள் ஒரு வரிசையாகவும் மத்தளக்காரர்கள் அவர்களுக்கு எதிர்வரிசையாகவும் முகத்தோடு முகம் நோக்கி நிற்பர். திமிலைக்குப் பின்னே இலத்தாளம் நிற்கும். மத்தளத்துக்குப் பின்னே கொம்பு நிற்கும். இரு வரிசைகளுக்கும் இடைப்பட்ட வழியின் முனைகளில் இடக்கை நிற்கும். இந்தக் கலைக்கு இன்றுள்ள செப்பமான உருவத்தை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தந்தவர்களுள் ஒருவர் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி. மலையாளிகள் அன்போடு இவ்வாறு அழைத்த அவர், வெங்கடேசுவர ஐயர் என்னும் தமிழரே என்பதை நம்மவர் பலர் அறியார்.

கொம்புகளுக்குப் பின்னால் நிற்பவனுக்குக் கொம்பே கேட்கும். இலத்தாளத்தின் பக்கம் ஒதுங்கியவனின் காதில் வெண்கலம் வந்து மோதும். வரிசைகளின் முனையில், இரண்டுக்கும் நடுவாக இடம் பிடித்தவனுக்கே திமிலையின் வினாவும் மத்தளத்தின் விடையும் இரு பக்கங்களிலிருந்தும் தனித்தனியே வந்து சேரும். விவரம் அறிந்த இரசிகர் முன்கூட்டியே சென்று இடம் பிடிப்பது இதற்காகவே. மேனாட்டார் கண்டுபிடித்ததை நம் முன்னோர் முன்னமே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிப் பேசுவோர் போதிய அளவு இருக்கிறார்கள். இரு காதுள்ள மனிதன் எங்கும் ஒன்றே என்பதற்காகச் சொல்கிறோம்.

காதுகள் செய்யும் வேலை நுட்பமானது. வலப்பக்கத்தில் எழும் ஓசை வலக்காதை முதலில் அடைகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு இடக்காதை அடைய அதற்குச் சிறிது நேரம் கூடுதலாகிறது. அந்தக் காலம் மிகுதியாகப் போனாலும் ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறைக்கூட எட்டாது. மேலும், தலையே ஒரு திரைபோல நின்று உச்ச ஒலிகளை மறைப்பதால் இடக்காதில் அவை மெலிகின்றன. காலத்தில் உள்ள வேறுபாடும் வலிமையில் உள்ள வேறுபாடும் சேர்ந்தே நமக்குத் திசையை உணர்த்துகின்றன என்னும் கொள்கையை ஆங்கில அறிஞர் ரேலி பிரபு 1907-இல் தெளிவாக வகுத்தார்.

கச்சேரி மேடையும் இந்தத் திசையறிவை நம்பி அமைந்ததே. பாடகர் நடுவில் இருப்பார். மிருதங்கத்தின் வலந்தலையிலிருந்தே தெளிவான சொற்கள் பிறக்கின்றன; ஆதலின் அம்முகம் சபையை நோக்கியிருக்க வேண்டும். வலக்கையால் வலந்தலையை வாசிப்பவர் பாடகரைப் பார்த்தபடி அமர்ந்தும் அம்முகத்தைச் சபைக்குக் காட்ட வேண்டுமானால், அவர் பாடகரின் வலப்புறத்தில், அதாவது கேட்போரின் இடப்புறத்தில், இருந்தாக வேண்டும். எதிர்ப்புறம் பிடிலுக்கு உரியதாகிறது. இடக்கைப் பழக்கமுடைய பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசித்த கச்சேரிகளில் இந்த அமைப்பு மாற வேண்டியிருந்தது. அதனால் பக்கவாத்தியக்காரர்களிடையே மனக்குறைகளும் எழுந்தன. எந்த ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பது வித்துவான்களுக்குச் சிறு செய்தியாக இருக்கவில்லை.

இந்த இடவேறுபாட்டை முதலில் கலைத்தது மைக். பாடகருக்கு ஒன்று, பிடிலுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று என்று வைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, மண்டபத்து மூலைகளில் தொங்கும் ஒலிபெருக்கிகளின் வழியே வெளியிட்டபோது, நடுவில் அமர்ந்தவரின் குரல் தூணிலிருந்து வரலாயிற்று. மணி ஐயர் இதனை வன்மையாக எதிர்த்தார். மைக் இல்லாத கச்சேரிக்கே வாசிப்பேன் என்று அவர் உறுதி பூண்டது சங்கீத உலகில் பெரும் விவாதத்தை எழுப்பிற்று. அவர் கட்சியில் நியாயம் இருந்தது. ஆயினும் செம்பையைப்போல் கணீரென்ற சாரீரம் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. மணி ஐயரிடமே பயின்று, பின்னர் அரியக்குடி இராமாநுஜ ஐயங்காரின் சீடரான நாராயணசுவாமியின் மென்மையும் குழைவும் மிக்க குரல், பெரிய அரங்கின் கடைசி வரிசையை அடைவதற்கு மைக்கின் துணை வேண்டியிருந்தது என்பதே நம் கருத்து.

வானொலியோ இடம் என்பதையே முற்றிலும் நீக்கிவிட்டது. ஒரே ஒலிவாய் உள்ள பெட்டியில் பாடகரும் பிடிலும் மிருதங்கமும் ஒருவர் பின் ஒருவராக ஒரே துளையின் வழியே வந்தனர். இதைக் குறை என்று மட்டும் கூறுவது நன்றியுடைமை ஆகாது. தேசிய சங்கீத நிகழ்ச்சி 1952-இல் தொடங்கிய பின், சனிக்கிழமை இரவுகளில் தில்லியில் இருந்த தமிழ்க் குடும்பமும் கொல்லங்கோட்டுக் கிராமத்துத் திண்ணையும் ஒரே கச்சேரியை ஒரே நேரத்தில் கேட்க முடிந்தது. அப்பெட்டிக்கு முன் சிறந்த இடம், தாழ்ந்த இடம் என்ற வேறுபாடு இல்லை. கூடத்தில் இருப்பவர்க்கும் அடுக்களையில் இருப்பவர்க்கும் ஓசையின் அளவு வேறுபட்டதே அன்றி, கச்சேரியின் அமைப்பு வேறுபடவில்லை; ஏனெனில் அமைப்பே அங்கு இல்லை.

இனி மேனாடு செல்வோம். 1881-இல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளமென்ட் ஆடர் என்பார், இசை நாடக அரங்கின் மேடை முன்னே தொலைபேசி ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, கண்காட்சிக்கு வந்தோரின் இரு காதுகளுக்கும் இரு தனிக் கம்பிகளால் ஒலியை அனுப்பினார். பாடகர் மேடையில் நடப்பதைக் கேட்டவர்கள் காதாலேயே உணர்ந்து வியந்தனர். அவ்வியப்பு முழுப் பயனை அடைய ஐம்பது ஆண்டுகள் ஆயின.

அதனைப் பயனுக்குக் கொண்டுவந்தவர்களுள் தலையாயவர் ஆலன் பிளம்லைன். திரைப்படம் பேசத் தொடங்கிய காலத்தில், மனைவியுடன் படம் பார்க்கச் சென்ற அவர், நடிகர் திரையின் ஒரு புறத்தில் நிற்கக் குரல் வேறிடத்திலிருந்து வருவதைக் கண்டு, இதனைச் சீராக்க வழி தெரியும் என்று கூறியதாகச் சொல்வதுண்டு. லண்டனில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளராக இருந்த அவர் 1931 டிசம்பர் 14 அன்று அளித்த காப்புரிமை விண்ணப்பத்தில், இரு ஒலிபெருக்கிகளால் ஓசைக்கு இடம் கொடுக்கும் முறையையும், ஒரே இசைத்தட்டுக் கோட்டில் இரண்டு ஒலிகளைப் பதிக்கும் முறையையும் வகுத்திருந்தார். 1934 ஜனவரியில் அபே ரோடு அரங்கில் தாமஸ் பீச்சம் மோட்சார்ட்டின் இசையை ஒத்திகை நடத்தியபோது அதனை இம்முறையில் பதிவும் செய்தார். 1942 ஜூனில் ராடார் சோதனைக்குச் சென்ற விமானம் விழுந்து நொறுங்கியதில் தம் 38-ஆவது வயதில் அவர் மாண்டார். போர்க்கால இரகசியம் காரணமாக அவர் பெயர் நெடுங்காலம் வெளியுலகில் பேசப்படவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தார் வேறொரு வழியில் சென்றனர். 1933 ஏப்ரல் 27 அன்று பிலடெல்பியாவில் வாசித்த பெரும் வாத்தியக் குழுவின் இசையைத் தொலைபேசிக் கம்பிகளின் வழியே வாஷிங்டனுக்கு அனுப்பி, அங்கே அரங்கு நிறைந்த மக்கள் கேட்கச் செய்தனர். குழுவின் நிரந்தர நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி அன்று வாஷிங்டனில் ஒலிக் கருவிகளின் முன் அமர்ந்திருந்தார். இங்கு நாம் உற்றுநோக்க வேண்டியது, அவர்கள் பயன்படுத்திய வழிகள் மூன்று என்பதே. இடம், வலம், நடு என மூன்று ஒலிவாங்கிகள், மூன்று ஒலிபெருக்கிகள். நடுவில் ஒன்று இருந்தால்தான் அரங்கின் எப்பக்கத்தில் அமர்ந்தவர்க்கும் நடுவிலுள்ள ஒலி நடுவிலேயே நிற்கும் என்று அவர்கள் கண்டனர். திரையரங்குகள் இன்றும் நடிகரின் பேச்சுக்கு நடுப்பெட்டியை வைத்திருப்பது இதனாலேயே.

வீட்டுக்கு வந்தபோது மூன்று ஏன் இரண்டாயிற்று? இசைத்தட்டின் கோட்டுக்குச் சுவர்கள் இரண்டே. ஒவ்வொரு சுவரும் 45 பாகை சாய்ந்து நிற்க, ஒன்றில் இடப்பக்க ஒலியும் மற்றொன்றில் வலப்பக்க ஒலியும் பதிகின்றன. 1957, 1958-ஆம் ஆண்டுகளில் இத்தகைய தட்டுகள் கடைக்கு வந்தபோது மூன்றாவது ஒலியை வைக்க இடமில்லை. ஆகவே நடுப்பெட்டி கைவிடப்பட்டது. இரண்டு பெட்டிகளும் ஒரே ஒலியை ஒரே நேரத்தில் ஒரே வலிமையோடு தந்தால், அது நடுவிலிருந்து வருவதாகக் காது ஏமாறும்; அந்த ஏமாற்றமே போதும் என்று விட்டனர்.

இங்கேதான் நம் சங்கீதத்துக்கு ஓர் இக்கட்டு நேர்ந்தது. மேனாட்டு வாத்தியக் குழுவில் பிடில்கள் இடத்திலும் கனத்த தந்தி வாத்தியங்கள் வலத்திலும் பரந்து இருப்பதால், நடு சற்று மங்கினாலும் பெரும் சேதமில்லை. கருநாடக சங்கீதக் கச்சேரியிலோ மிருதங்கத்துக்கு ஒரு பெட்டி உண்டு. பிடிலுக்கு ஒரு பெட்டி உண்டு. பாடகருக்குப் பெட்டி இல்லை. அவர் இரு பெட்டிகளுக்கும் நடுவே வெறும் காற்றில் அமர்ந்திருக்கிறார். அவரை அங்கே அமர்த்துவது கேட்பவர் அமரும் இடமே.

'ஸ்டீரியோ' என்பதைச் சிலர் 'இரட்டை ஒலி' என்று பெயர்க்கின்றனர். மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்ட நமக்கு இது உடன்பாடன்று. கிரேக்கத்தில் அச்சொல்லுக்குப் 'திண்மை உடையது' என்றே பொருள். இரண்டு என்ற எண் அதில் இல்லை. இரண்டு பெட்டி இருந்தும் திண்மை இல்லாத வீடுகளே மிகுதி. வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் கேரளத்துக்குக் கொண்டுவந்த ஜப்பானிய 'டூ-இன்-ஒன்' கருவிகளில் ஸ்டீரியோ என்று பொறித்திருந்தது. அதன் இரண்டு ஒலிவாய்களுக்கும் இடையே இருந்தது ஒன்றரை அடிக்கும் குறைவு. உரிய பயனைப் பெற முகத்தை அதனருகே ஒன்றரை அடியில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்!

நம் நாட்டுக்கு இம்முறை மெல்லவே வந்தது. 1977 ஜூலை 23 அன்று சென்னையில் பண்பலை ஒலிபரப்பு தொடங்கிற்று. ஸ்டீரியோ ஒலியைச் சுமக்கத் தக்க வழி அது. 1978-இல் வெளிவந்த 'ப்ரியா' படத்துக்கு இளையராஜா அமைத்த பாடல்களே தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ முறையில் முதலில் பதிவானவை என்று அன்பர்கள் கூறுவர்.

இனி அறைக்குள் வருவோம். அயலூரில் நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. பெட்டிகள் இரண்டுக்கும் இடையே ஆறடி விடுக. ஒவ்வொரு பெட்டிக்கும் உங்கள் தலைக்கும் இடையேயும் அதே ஆறடி இருக்கட்டும். மூன்று பக்கமும் சமமான முக்கோணம் இது. பெட்டிகளைக் கேட்பவரை நோக்கிச் சற்றே திருப்பி வைக்க. இந்த நடு இடத்திலிருந்து ஓரடிக்குச் சற்று மேலாக, 34 செண்டிமீட்டர், பக்கவாட்டில் நகர்ந்தால், அப்பக்கத்துப் பெட்டியின் ஒலி மற்றதைவிட விநாடியில் ஆயிரத்தில் ஒரு கூறு முந்திவிடும். அவ்வளவே போதும், காது முந்தி வந்ததையே நம்பும். நடுவிலிருந்த நாராயணசுவாமி எழுந்துபோய் மிருதங்கக்காரர் மடியில் அமர்ந்துவிடுவார்.

உயரத்தைப் பற்றிக் கருவியோடு வரும் கையேடுகள் கூறுவன நாற்காலிக்காரர்களுக்கு உரியவை. உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர் என்னும் சிறிய ஒலிபெருக்கி காதுக்கு நேராக இருக்க வேண்டும். நாற்காலியில் இருப்பவரின் காது தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். பாய் விரித்துச் சம்மணமிட்டு அமர்ந்து கேட்பது நம் வழக்கமாயின், அது இரண்டரை அடியே. எனவே உயர்ந்த தாங்கிகள் வேண்டா. பழைய டிரங்குப் பெட்டி ஒன்றே பல வீடுகளில் போதும். அலமாரியின் உச்சியில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் கேடானது. தூசி படாமல் காக்கலாம், கேட்க இயலாது.

சுவரை ஒட்டியும் மூலையிலும் பெட்டியை வைத்தால் கீழ் ஒலிகள் பெருகும். மேனாட்டு நடன இசையில் அதை விரும்புவோர் உண்டு. நமக்கோ மிருதங்கத்தின் தொப்பி ஒலி வீங்கி, தம்புராவையும் மந்தர ஸ்தாயியையும் விழுங்கிவிடும். ஒன்றரை அடியேனும் சுவரை விட்டு முன்னே இழுக்க. கேட்பவரும் முதுகைப் பின்சுவரில் சாய்த்துக்கொண்டால் இதே தொல்லை நேரும். வெறும் சுவரும் மொசைக் தரையும் உள்ள குடியிருப்புகளில் ஒலி எங்கும் பட்டுத் திரும்பிப் பிடிலை உரத்ததாக்கும். பவானி ஜமக்காளம் ஒன்றைப் பெட்டிகளுக்கும் பாய்க்கும் இடையே விரித்தால் உச்ச ஒலிகள் சற்று அடங்கும். கீழ் ஒலிகளுக்கு அது உதவாது. புத்தகம் நிறைந்த அலமாரியும் பஞ்சு மெத்தையும் ஓரளவு உதவும். கொல்லங்கோட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளில் வானம் திறந்த நடுமுற்றம் இருந்தவரை, மிகுந்த ஒலி அவ்வழியே வெளியேறிற்று.

இவ்வளவும் செய்த பின் எழும் வினா, அந்த ஒரு பாயில் யார் அமர்வது என்பது. வானொலிப் பெட்டி வீட்டார் அனைவரையும் ஒன்றாக நடத்திற்று. இரண்டு பெட்டிகளோ ஒருவருக்கே முழுக் கச்சேரியைத் தருகின்றன. தந்தையார் நடுவில் அமர, ஒருபுறம் தாயாருக்கு மிருதங்கமும் மறுபுறம் மகளுக்குப் பிடிலும் எஞ்சுகின்றன. பெட்டிகளை உட்புறமாக நன்கு திருப்பி, அவற்றின் நேர்கோடுகள் பாய்க்கு முன்னாலேயே ஒன்றையொன்று வெட்டும்படி வைத்தால், ஓரத்தில் இருப்பவர்க்குத் தொலைவிலுள்ள பெட்டி நேராகவும் அருகிலுள்ளது சாய்வாகவும் அமைந்து, குறை சிறிது நிரம்பும். முறை வைத்து இடம் மாறிக்கொள்வது அதனினும் எளிது.

வீட்டில் ஒரு காது மந்தமான முதியவர் இருப்பாராயின், ஸ்டீரியோ அவருக்கு நன்மைக்கு மாறாகத் தீமையே செய்யும். பிடிலோ மிருதங்கமோ அவருக்குக் குறைந்துபோகும். கருவியில் இரண்டு ஒலிகளையும் ஒன்றாகக் கலக்கும் 'மோனோ' அமைப்பு இருந்தால், அவர் அமரும் வேளையில் அதனைப் பயன்படுத்துக. கைப்பேசிகளிலும் இன்று அது உண்டு.

நம் தலைமுறைக்கு இன்றியமையாத பதிவுகளில் பெரும்பகுதி ஒற்றை ஒலியில் செய்யப்பட்டவை என்பதையும் நினைவூட்டுகிறோம். பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962-இலும் அரியக்குடி 1967-இலும் மறைந்தனர். அவர்களுடைய ஒலிக்கு இடமும் வலமும் இல்லை. இத்தகைய பழம்பதிவுகளைச் சிலவிடத்துச் செயற்கையாகப் பிரித்து, உச்ச ஒலிகளை ஒருபுறமும் கீழ் ஒலிகளை மறுபுறமும் தள்ளி, ஸ்டீரியோ என்று விற்றதுண்டு. அவ்வித வெளியீடுகளைத் தவிர்ப்பது நன்று. பாடகர் இரு துண்டாகி நிற்பார். ஒற்றை ஒலிப் பதிவுக்கு ஒரு பெட்டியே போதும். இரண்டாவதன் கம்பியைக் கழற்றிவிட்டு, செம்பையின் பழைய தட்டு ஒன்றைப் போட்டால், அவர் அந்த ஒரு பெட்டிக்குள் உறுதியாக அமர்ந்து பாடுவார். பாயை எங்கே விரித்தாலும் கேட்கும், அடுக்களையிலும் கேட்கும்.